கொடைக்கானல் குளிரில் மக்ரோனி சீஸ்: ருசி பார்க்கவும் விமர்சனம் எழுதவும் முழு வழிகாட்டி

கொடைக்கானலுக்குக் குடிவந்த புதிதில் எங்கள் வீட்டில் பருப்பே வேகாது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது மலைப்பா, மதுரையில வைக்கிற விசில் இங்க பத்தாது, ரெண்டு சேத்து விடு" என்றார். பருப்புக்குச் சொன்ன அந்தப் பாடத்தை மக்ரோனிக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் மக்ரோனி சீஸில், அதாவது வெந்த மக்ரோனியைச் சீஸ் சாஸில் புரட்டிய பண்டத்தில், நாலைந்து வகை சாப்பிட்டு, "இது வேகவில்லை", "இது மெழுகு மாதிரி இருக்கிறது" என்று நோட்டில் எழுதி, தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன். பின்னால் ஒழுங்காகச் செய்து பார்த்தபோது பாதித் தீர்ப்பு தப்பு என்று தெரிந்தது. சீஸ் பாவம், அதன்மேல் பழி இல்லை. தண்ணீரும் தட்டும்தான் என்னை ஏமாற்றியிருந்தன.

அதனால் இந்த வழிகாட்டியில் ருசி பார்ப்பதைவிட அதற்கு முன்னால் செய்யும் வேலைதான் அதிகம் வரும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கும் இதெல்லாம் அப்படியே பொருந்தும்.

எதை ஒப்பிடப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். சீஸை ஒப்பிடுகிறீர்களா, மக்ரோனியை ஒப்பிடுகிறீர்களா, செய்முறையை ஒப்பிடுகிறீர்களா? மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதனால் நன்றாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சீஸ் ஒப்பீடு என்றால் மக்ரோனி, பால், வெண்ணெய், மைதா, உப்பு எல்லாம் ஒன்றே. சீஸ் மட்டும் மாறும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வேலையும் குறைவு, வித்தியாசமும் சட்டென்று நாக்கில் தெரியும்.

ஒரு வேளைக்கு ஐந்து கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். ஆறாவது கிண்ணத்தில் நாக்குக்கு உப்பும் கொழுப்பும் தவிர வேறு எதுவும் தெரியாது.

எந்தெந்த வகை?

நாம் பிள்ளைகளுக்கு டிபன் டப்பாவில் வைத்து அனுப்பும் வெங்காயம் தக்காளி மசாலா மக்ரோனி இதில் சேராது. அதன்மேல் சீஸைத் துருவிப் போட்டாலும் அது மசாலா மக்ரோனிதான். அதைத் தனியாகச் சாப்பிட்டு மகிழலாம்.

அமெரிக்கர்கள் வீட்டில் அன்றாடம் செய்வது பாக்கெட் வகை. 1937-இல் கிராஃப்ட் நிறுவனம் மக்ரோனியும் சீஸ் பொடியும் ஒரே பெட்டியில் போட்டு 19 சென்டுக்கு விற்கத் தொடங்கியது. பொருளாதாரம் படுத்திருந்த காலம். நாலு பேர் சாப்பிடலாம் என்றதும் ஜனம் அள்ளிக்கொண்டது. அந்தப் பொடியின் பளீர் ஆரஞ்சு நிறத்துக்கு ரொம்ப காலம் செயற்கைச் சாயம் போட்டார்கள். அமெரிக்காவில் விற்கும் பெட்டியில் அதை எடுத்துவிட்டு, இப்போது பாப்ரிகா மிளகாய்த்தூள், அன்னாட்டோ விதை, மஞ்சள்தூள் சேர்க்கிறார்கள். சாம்பாருக்குப் போடும் அதே மஞ்சள்!

அடுத்தது அடுப்பிலேயே வெள்ளை சாஸ் செய்து சீஸ் கரைக்கும் வகை. வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் கிண்டுவது. ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் ரொம்பத் தோதானது. மூன்றாவது, அதையே மேலே ரொட்டித்தூள் தூவி ஓவனில் வைத்து மொறுமொறுவென்று எடுப்பது. ரொட்டித்தூளுக்குப் பதில் ஊட்டி வர்க்கியை நொறுக்கித் தூவிப் பாருங்கள், ஏமாற மாட்டீர்கள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மைதாவுக்குப் பதில் முட்டையும் பாலும் அடித்து ஊற்றிச் சுடுவார்கள். டிரினிடாட், பார்படாஸ் தீவுகளில் 'மக்ரோனி பை' என்று கேக் மாதிரித் துண்டு போட்டுப் பரிமாறுவதும் இந்தச் சாதிதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சுவிட்சர்லாந்தின் எல்ப்ளர்மக்ரோனென். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்களின் சாப்பாடு. மக்ரோனி, உருளைக்கிழங்கு, கிரீம், மலைச் சீஸ், மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பக்கத்தில் ஆப்பிளை வேகவைத்து மசித்த கூழ். படித்தபோது கிழங்கும் மக்ரோனியும் என்ன சேர்த்தி என்றுதான் நினைத்தேன். பூம்பாறைப் பக்கம் விளைந்த கிழங்கில் செய்து பார்த்தபின் நினைப்பை மாற்றிக்கொண்டேன். பேரிக்காய்ப் பருவத்தில் ஆப்பிளுக்குப் பதில் நம் மலைப் பேரிக்காயை மசித்து வைக்கலாம். சீஸின் கரிப்புக்கு அந்த இனிப்பும் புளிப்பும் ஊறுகாய் மாதிரி வேலை செய்யும். கிழங்கைச் சின்னச் சின்னதாக நறுக்குங்கள், இல்லாவிட்டால் இந்த உயரத்தில் மக்ரோனி குழைந்த பிறகும் கிழங்கு வேகாமல் நிற்கும்.

சாமான் வாங்குவது

கொடைக்கானலிலேயே செடார், கௌடா, மொசரெல்லா என்று பல வகைச் சீஸ் செய்து விற்கிறார்கள். குன்னூர்ப் பக்கமும் சிறிய பண்ணைகள் உண்டு. முதல் ஒப்பீட்டுக்கு நான் எடுக்கச் சொல்வது நாலு: இளம் செடார், முற்றிய செடார், கௌடா, எல்லாக் கடையிலும் கிடைக்கும் பிராசஸ்டு சீஸ். மொசரெல்லா வேண்டாம். கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக வரும், படம் எடுக்க அழகு; ருசி என்று பார்த்தால் பால் வாசனைக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்கள். துருவியே வரும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அது சாஸை மாற்றிவிடும். மக்ரோனி பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். துரும் (durum) என்ற கெட்டியான கோதுமையின் ரவை என்றிருந்தால் கொஞ்சம் கூட வெந்தாலும் உருவம் கெடாது. மைதா என்றால் பதம் தப்பிய அடுத்த நிமிடமே குழைந்துவிடும். பால் ஒரே வகையாக இருக்கட்டும். நான் ஆவின் பச்சைப் பாக்கெட் எடுப்பேன், 4.5 சதவீதக் கொழுப்பு. ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம். அதோடு சீஸும் சேர்ந்தால் சீக்கிரம் திகட்டிவிடும்.

நாலு பேர், ஐந்து கிண்ணம் என்று வைத்தால் மக்ரோனி 250 கிராம், பால் 600 மில்லி, வெண்ணெய் 35 கிராம், மைதா 35 கிராம், ஒரு கிண்ணத்துக்கு 60 கிராம் வீதம் சீஸ். நாலு சீஸுக்கு ஏன் ஐந்து கிண்ணம் என்பது பின்னால் வரும்.

வேகவைப்பது: மலை தலையிடும் இடம்

கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். இங்கே தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போதும் அதன் சூடு 93 டிகிரிதான். ஊட்டி இன்னும் உயரம், அங்கே அதைவிடக் கொஞ்சம் குறைவு. தீயைக் கூட்டினால் தண்ணீர் கொந்தளிக்கும், ஆவியாகும், சிலிண்டர் காலியாகும். சூடு மட்டும் ஏறாது.

பாக்கெட்டில் 8 நிமிடம் என்று போட்டிருப்பது இந்த மலைக்கு எழுதியது இல்லை. என் அடுப்பில் அதற்கு 10 முதல் 11 நிமிடம் ஆகிறது. உங்கள் வீட்டு நேரத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பாக்கெட் சொன்ன நேரம் முடிந்ததும் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேக வேண்டும். சோற்றில் நறுக்கரிசி என்போமே, அதுதான் இது. நிமிடத்துக்கு ஒன்று வெட்டுங்கள். புள்ளி மறைந்து, பல்லுக்கு லேசான எதிர்ப்பு மிச்சமிருக்கும்போது வடித்துவிடுங்கள். ஓவனில் வைப்பதாக இருந்தால் இரண்டு நிமிடம் முன்னாலேயே. குக்கரில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வெந்துவிடும், ஆனால் பதம் பார்க்க நடுவில் திறக்க முடியாது. நான் வைத்த இரண்டு முறையும் களியாகத்தான் வந்தது.

இரண்டரை லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு போதும். வடித்தபின் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். மார்கழி மாதத்தில் எங்கள் குழாயில் வருவது ஐஸ் தண்ணீர். அதில் அலசிய மக்ரோனியைச் சூடான சாஸில் போட்டால் சாஸ் அந்த நொடியே இறுகும்.

சாஸ்

வெண்ணெயில் மைதாவைச் சிறுதீயில் பச்சை வாசனை போக வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டுங்கள். கெட்டியானதும் இன்னும் நாலைந்து நிமிடம் கொதிக்க விடுங்கள், இங்கே மாவு வேக நேரம் எடுக்கும். அப்புறம் ஐந்து சம பங்காகப் பிரித்து, அடுப்பை அணைத்த பின்பே சீஸைப் பிடிபிடியாகச் சேருங்கள்.

அடுப்பு எரியும்போது சேர்த்தால் சீஸிலுள்ள புரதம் சுருங்கி எண்ணெய் தனியே பிரியும், சாஸ் மணல் மணலாகும். முற்றிய செடாரில் இந்த ஆபத்து அதிகம். பிராசஸ்டு சீஸ் அதே சூட்டிலும் வழவழவென்று நிற்கும். சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துக்கொள்வதுதான் காரணம். வீட்டுச் சமையலில் செடார் சாஸில் ஒரு துண்டு பிராசஸ்டு சீஸைப் போட்டுக் காப்பாற்றுவது நல்ல தந்திரம். ஒப்பீட்டு நாளில் மட்டும் கூடாது. துருவிய சீஸையும் அடுப்பு மேடை ஓரமாகவே வைத்திருங்கள். ஜனவரி இரவில் நம் சமையலறையே பாதி ஃபிரிட்ஜ்தான்.

சூடு ஆறாமல்

நான் ரொம்பத் தப்பு செய்த இடம் இது. பால்கொழுப்பு முழுதாக உருகி இருக்க நம் உடம்புச் சூடாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும், மாவும் சேர்ந்து கெட்டிப்படும். மதுரையில் கால்மணி நேரம் தாங்கும் கிண்ணம் கொடைக்கானலில் நாலைந்து நிமிடத்தில் மெழுகாகிவிடும். கடைசியாகச் சாப்பிடும் வகைக்கு எப்போதும் குறைந்த மதிப்பெண் விழுவதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. வரிசையை மாற்றினேன். முதலில் ஜெயித்த கௌடா கடைசி இடத்துக்குப் போனது.

இட்லிப்பானை போதும். அடியில் கைபொறுக்காத சூட்டில் தண்ணீர், அதற்குள் எவர்சில்வர் கிண்ணங்கள், மேலே மூடி. சாப்பிடும் தட்டையும் வெந்நீரில் நனைத்துத் துடைத்து வையுங்கள். ஒருவருக்கு ஒருமுறைக்கு ஒரு வகையை மட்டும் பரிமாறுங்கள். அதை முடித்த பின்பே அடுத்தது.

பெயரை மறைப்பது

பரிமாறுபவர் சாப்பிடக் கூடாது, சாப்பிடுபவர் சமையலறைக்குள் வரக் கூடாது. கிண்ணத்தில் 1, 2, 3 என்று எழுதினால் ஒன்றாம் நம்பருக்கு ஒரு மவுசு வந்துவிடும். ருசி ஆய்வுக்கூடங்களில் 417, 862, 359 என்று தொடர்பில்லாத மூன்று இலக்க எண்களைக் கொடுப்பதற்கு இதுதான் காரணம். நாமும் அப்படியே செய்யலாம். ஆளுக்கு ஒரு வரிசை. ஒருவருக்குக் கடைசியில் வருவது இன்னொருவருக்கு முதலில் வரட்டும்.

ஐந்தாவது கிண்ணம் இங்கேதான் வருகிறது. நாலு சீஸில் ஒன்றையே வேறு எண் போட்டு இரண்டாவது முறை வையுங்கள். ஒரே சீஸுக்கு ஒருவர் 20-க்கு 16-உம் 9-உம் போட்டால், அன்று அவர் போட்ட மற்ற மதிப்பெண்களையும் நம்ப வேண்டாம். ஜலதோஷமாக இருக்கலாம், பசியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் இந்தப் பரீட்சையில் ஒருமுறைகூடத் தோற்காதவர் சீஸே பிடிக்காத என் அத்தை. "ரெண்டும் ஒண்ணுதானடா, எதுக்கு ரெண்டு தரம் குடுக்கிற?" என்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

முதல் வாயைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே சீஸ் அதிகம் என்று மனசு சொல்லிவிடும். செடாருக்கு அந்த நிறம் பெரும்பாலும் அன்னாட்டோவில் வருவது, ருசிக்குச் சம்பந்தமில்லை.

வாயில் போட்ட பிறகு

முதலில் முகருங்கள். பிறகு ஒரு கரண்டி, மெதுவாக. மக்ரோனியின் கடி, சாஸின் வழவழப்பு, சீஸின் ருசி, விழுங்கிய பின் நாக்கில் தங்குவது என்ற வரிசையில் கவனியுங்கள். நான் மக்ரோனிக்கு 5, சாஸுக்கு 5, சீஸ் ருசிக்கு 7, உப்புக்கு 3 என்று 20-க்குப் போடுவேன். மொறுமொறு மேல்பாகத்துக்குத் தனி மதிப்பெண் கிடையாது. அது இருந்தால் அடியில் இருக்கும் குறை கண்ணுக்குத் தெரியாது என்பது என் அபிப்பிராயம். மிளகுத்தூள், சில்லி ஃபிளேக்ஸ், கெச்சப் எல்லாம் மேசையை விட்டே போகட்டும். புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டையும் இன்று சேர்க்காதீர்கள். அது உள்ளே வந்தால் சீஸ் வாயையே திறக்காது.

ஒரு வகைக்கும் அடுத்ததற்கும் நடுவே குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கொழுப்பு நாக்கிலேயே உறையும். வெந்நீர், அல்லது பாலும் சர்க்கரையும் இல்லாத சூடான தேநீர். நீலகிரித் தேயிலையின் துவர்ப்பு வாயை நன்றாகவே துடைத்துவிடும்.

சொல் வேண்டுமே

"செம டேஸ்ட்", "சுமார்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. பாதி நேரம் நாக்குக்குத் தெரிந்ததைக் கைக்குச் சொல்லத் தெரியாமல்தான் அப்படி எழுதுகிறோம். நம் மொழியில் இதற்குச் சொல் தட்டுப்பாடே இல்லை. வெந்தது தப்பினால் நறுக்கு, குழைவு, களி. சாஸ் வழவழப்பா, கொழகொழப்பா, திரிதிரியாகத் திரிந்திருக்கிறதா, மணல் மணலாக இருக்கிறதா, சவசவவென்று உயிரில்லாமல் இருக்கிறதா? உப்பு சரியா, கரிக்கிறதா? முற்றிய சீஸில் ஒரு புளிப்பும் பின்னால் ஒரு சுருக்கும் வரும், அது நல்லது. பழைய வெண்ணெயின் காறல் வந்தால் கெட்டது. முடைநாற்றம் எனக்குக் கெட்டது, இன்னொருவருக்கு அதுவே சீஸ் வாசனையாக இருக்கும். எழுதும்போது 'எனக்கு' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லாம் எனக்கு ரொம்ப உதவும் சொல் 'திகட்டல்'. எத்தனையாவது கரண்டியில் திகட்டியது என்று எண்ணி எழுதுங்கள். பாக்கெட் வகை எனக்கு ஐந்தாவது கரண்டியில் திகட்டும். முற்றிய செடார் எட்டு ஒன்பது வரை போகும். பேரிக்காய்க் கூழ் வைத்த சுவிஸ் வகை மட்டும் தட்டு காலியாகும்வரை திகட்டியதில்லை.

கடையில் சாப்பிட்டு எழுதுவது

மே மாத சீசனில், மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு சமையல்காரரை எடைபோடாதீர்கள். மூன்றரை மணிக்குப் போங்கள், வேறொரு நாள் இன்னொரு முறையும் போங்கள். "என்ன சீஸ் போடுறீங்கண்ணா?" என்று கேட்பதில் தப்பில்லை, பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். தட்டு வந்ததும் ஒரே ஒரு படம், உடனே முதல் கரண்டி. ஒருமுறை பால்கனி மேசையில், மூடுபனி இறங்கும் நேரத்தில், பத்துப் படம் எடுத்துவிட்டு 'மெழுகு' என்று எழுதினேன். அந்தக் கடைக்காரர் செய்த ஒரே தப்பு எனக்குப் பால்கனியில் இடம் கொடுத்தது.

எழுதும்போது தேதி, விலை, அளவு, பணம் கொடுத்துச் சாப்பிட்டீர்களா இலவசமா, உள்ளே உட்கார்ந்தீர்களா வெளியிலா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இப்படி வரலாம்: "இரண்டு முறை சாப்பிட்டேன், இரண்டும் மாலை நேரம், காசு கொடுத்து. மக்ரோனி பல்லுக்குத் தெரிந்தது, குழையவில்லை. சாஸ் ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருந்தது, இரண்டாவது முறை அது இல்லை. செடாரின் புளிப்பு தெரிகிறது, உப்பு ஒரு கல் அதிகம். ஏழாவது கரண்டியில் திகட்டியது. 20-க்கு 13." நாலு வரிதான். படிப்பவருக்கு உப்பு கூடுதலாகப் பிடிக்குமென்றால் அவர் தைரியமாகப் போவார்.

இன்னொன்று, என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். 1802-இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் கொடுத்த விருந்தில் மக்ரோனி பை பரிமாறினார்கள். விருந்தாளியாக வந்த மனாசே கட்லர் என்ற காங்கிரஸ் உறுப்பினர், உள்ளே இருந்த மக்ரோனியை ஏதோ வெங்காயத் துண்டு என்று நினைத்துச் சாப்பிட்டதாகவும், நெடி அதிகம், பிடிக்கவில்லை என்றும் டைரியில் எழுதி வைத்தார். அது மாவில் செய்த இத்தாலியப் பண்டம் என்று பக்கத்திலிருந்தவர் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த டைரிக் குறிப்பு இன்னும் இருக்கிறது.

மீந்ததை மறுநாள் அப்படியே சுடவைத்தால் எண்ணெய் பிரியும். இரண்டு கரண்டி பால் விட்டு இட்லிப்பானை ஆவியில் வைத்துக் கிளறுங்கள். இல்லையென்றால் அத்தை வழி: தோசைக்கல்லில் தட்டி, மலைப்பூண்டை நசுக்கிப் போட்டு, அடி சிவக்கும்வரை முறுக விடுவது. அதற்கு மதிப்பெண் கேட்டால் அத்தை தர மாட்டார். எனக்கு அதில் பாதி வைத்தால் போதும்.